ஊர்க் கிணறும் ஒற்றை ஆளும்

மைக்ரோசாஃப்டில் பணிபுரியும் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், 2024 மார்ச்சில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவை, காரணமே இல்லாமல் பிராசஸரைத் தின்றது. 0.3 விநாடியில் முடியவேண்டிய உள்நுழைவுக்கு 0.8 விநாடி ஆனது. அந்த அரை விநாடியை அவர் விடாமல் துருவினார். லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு கருவிக்குள் யாரோ கள்ளவழி வைத்திருந்தார்கள். ரகசியச் சாவி வைத்திருப்பவர் எஸ்எஸ்எச் வழியாகக் கணினிக்குள் புகுந்து நினைத்ததைச் செய்யலாம். மார்ச் 29 அன்று ஃப்ராய்ண்ட் இதை வெளியில் சொன்னார். திறமூல மென்பொருள் பற்றிப் பலரும் சொல்லிவந்த சில நம்பிக்கைகளை அந்த நாள் உரைத்துப் பார்த்துவிட்டது.

நம்பிக்கை: நிரல் திறந்து கிடக்கிறது. எல்லோரும் பார்க்கிற இடத்தில் எதை ஒளிக்க முடியும்?

உண்மை: பார்க்கலாம் என்பது வேறு, பார்க்கிறார்கள் என்பது வேறு. சுருக்கும் கருவி என்றால், கெட்டுப்போன கோப்பைக் கொடுத்தால் சமாளிக்கிறதா என்று சோதிக்க, வேண்டுமென்றே கெடுத்த கோப்புகளைக் கூடவே வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட சோதனைக் கோப்புகளுக்குள்தான் நஞ்சைப் புதைத்திருந்தார்கள். திறந்து பார்த்தவருக்கும் அது குப்பையாகவே தெரியும். அதைத் தோண்டியெடுத்து மென்பொருளோடு சேர்க்கும் வரிகளோ, எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கென்று கட்டிய தொகுப்பில் மட்டும் இருந்தன. கடை முகப்பில் காட்டிய சரக்கு ஒன்று, பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தது வேறொன்று.

நம்பிக்கை: வெளியிலிருந்து உடைத்து வருபவனால்தான் ஆபத்து. கூடவே உழைத்தவர் கெடுக்கமாட்டார்.

உண்மை: எக்ஸ்இசட்டில் கைவைத்தவர் ‘ஜியா டான்’. அது புனைபெயர் என்றே கருதப்படுகிறது. அந்தக் கணக்கு தொடங்கியது 2021-இல். நல்ல திருத்தங்களாக அனுப்பிப் பெயர் வாங்கியது. எக்ஸ்இசட்டைப் பல ஆண்டுகளாகத் தன் சொந்த நேரத்தில் கவனித்துவந்தவர் லாஸ்ஸே கொலின் என்ற ஒருவர்தான். 2022-இல் முன்பின் தெரியாத பெயர்களில் சிலர் கிளம்பி, வேலை நத்தை வேகத்தில் நடக்கிறது, இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று அவரை நச்சரித்தார்கள். ஜியா டானுக்கும் பொறுப்பு கிடைத்தது. 2024 பிப்ரவரியில் நஞ்சு கலந்த 5.6.0 பதிப்பு வெளிவந்தது.

ஊரே தண்ணீர் இறைக்கிற கிணறு; தூர் வாருகிறவர் ஒருவர். களைத்திருப்பவரிடம் ‘நான் ஒரு கை கொடுக்கிறேன்’ என்று வருபவனை அவர் எப்படிச் சந்தேகிப்பார்? 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜிலும், அதாவது மற்றவர்கள் எடுத்தாளும் ஆயத்த நிரலிலும், இதேதான் நடந்தது. பராமரிக்க நேரமில்லாத ஆசிரியர், உதவ வந்தவரிடம் அதை ஒப்படைத்தார். வந்தவர் சேர்த்த நிரல், கோபே என்ற பிட்காயின் பணப்பையைக் குறிவைத்தது.

நம்பிக்கை: கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் பேக்கேஜில் பயமில்லை.

உண்மை: திருவிழாக் கூட்டத்தில்தான் ஜேப்படிக்காரனுக்கு வேலை. ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை விநியோகிக்கும் என்பிஎம் தளத்தில், 2025 செப்டம்பர் 8 அன்று சாக், டீபக் உள்ளிட்ட 18 பேக்கேஜ்களில் கள்ளநிரல் ஏறியது. அவற்றின் மொத்தப் பதிவிறக்கம் வாரத்துக்கு 200 கோடிக்கும் மேல். என்பிஎம் அனுப்பியதுபோல் வந்த ஒரு போலி மின்னஞ்சலைப் பராமரிப்பாளர் நம்பியதுதான் காரணம். இணையப் பக்கத்தில் ஒருவர் கிரிப்டோ பணம் அனுப்பினால், போய்ச்சேரும் முகவரியை அந்த நிரல் மாற்றிவிடும். சில மணி நேரத்திலேயே பிடிபட்டதால் சேதம் பெரிதாகவில்லை.

நம்பிக்கை: நிறுவி மட்டும்தான் வைத்தேன், இயக்கவில்லையே!

உண்மை: என்பிஎம் போன்ற கருவிகளில், நிறுவும்போதே நிரலை ஓடவிடும் வசதி பேக்கேஜுக்கு உண்டு. 2017-இல் கிராஸ்-என்வ் என்ற பிரபலமான பேக்கேஜின் பெயரில் நடுவிலுள்ள சிறுகோட்டை மட்டும் எடுத்துவிட்டு ஒரு போலி உலவியது. அவசரத்தில் தட்டச்சு செய்தவர்களின் கணினியிலிருந்து, கடவுச்சொற்களும் சாவிகளும் இருக்கக்கூடிய அமைப்புத் தகவல்களை அது சுருட்டியது. இப்போது ஏஐ எழுதித்தரும் நிரலில் இல்லாத பேக்கேஜ் பெயர்களும் வருகின்றன. அந்தப் பெயரை முந்திக்கொண்டு பதிவுசெய்ய எவனுக்கும் தடையில்லை. பெயரை இரண்டாம் முறை படியுங்கள். பிறகு என்டர் தட்டுங்கள்.

நம்பிக்கை: புதிய பதிப்பு வந்ததும் ஏற்றிவிட்டால் கவலையில்லை.

உண்மை: பிழை வேறு, சதி வேறு. 2021 டிசம்பரில் உலகை உலுக்கிய, லாக்4ஜே என்ற திறமூல மென்பொருளின் ஓட்டை, யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல. அங்கே அப்டேட் செய்யாதவர்தான் மாட்டினார். எக்ஸ்இசட்டில் தலைகீழ். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் சோதனைக் கிளைகளில் இருந்தவர்களுக்கு நஞ்சுப் பதிப்பு வந்தது, பழைய பதிப்போடு இருந்த நிலையான டெபியன் தப்பியது. ஆகவே, ஓட்டையை அடைக்கும் திருத்தம் என்றால் அன்றே ஏற்றுங்கள். வெறும் புதுமைக்காக என்றால் சில நாட்கள் ஆறப்போடுங்கள். எந்தப் பதிப்பு வேண்டும் என்பதைத் திட்டக் கோப்பிலேயே பூட்டிவையுங்கள்.

நம்பிக்கை: காசு கொடுத்து வாங்கும் மூடிய மென்பொருள்தான் பத்திரம்.

உண்மை: சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஒரையன் என்ற மென்பொருள் காசு கொடுத்து வாங்குவதுதான். 2020-இல் அதன் அப்டேட்டுக்குள்ளேயே கள்ளநிரல் புகுந்து, நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பத்தோடு சுமார் 18,000 வாடிக்கையாளர்களுக்குப் போனது. அமெரிக்க அரசுத் துறைகளும் பாதிக்கப்பட்டன. மார்ச்சில் போனது டிசம்பரில்தான் வெளிப்பட்டது.

அரை விநாடித் தாமதம் மூடிய மென்பொருளிலும் உறுத்தியிருக்கும். ஆனால் அங்கே புகார் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். ஃப்ராய்ண்ட் யாரையும் கேட்காமல் கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தார். திறமூலம் தரும் உரிமை அவ்வளவுதான். இறங்க ஆள் வேண்டும். தினமும் அதில் குடம் நிரப்பும் பெரிய நிறுவனங்கள், தூர் வாருகிறவருக்குக் கூலியும் கூட்டாளும் கொடுக்கட்டும். அப்படிக் கொடுத்தால், அடுத்த ஜியா டான் வந்து நிற்கும்போது, உதவிக்கு ஏங்கும் ஒற்றை ஆள் அங்கே இருக்கமாட்டார்.