உலைக்களத்தில் ஒரு வேதியியல் பாடம்

(மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவன்)

முன்னுரை

நம் வீட்டுச் சமையற்கட்டில் நாள்தோறும் கைபடும் பொருள்களுள் கத்தியும் ஒன்று. வெண்டைக்காய் நறுக்குகிறோம், வெங்காயம் அரிகிறோம், மழுங்கிப் போனால் முணுமுணுக்கிறோம். அந்தக் கத்தி எவ்வாறு கத்தியாயிற்று என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. கொல்லர் குடும்பத்தில் பிறந்த நானும் அதனை எண்ணிப் பார்த்ததில்லை என்பதைச் சற்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

என் தாத்தா சிவகங்கைச் சீமையில் ஒரு சிற்றூரில் பட்டறை வைத்திருப்பவர். திருப்பாச்சேத்தி அரிவாளால் பெயர்பெற்ற பகுதி அது. அரிவாளுக்குக் கிடைத்த பெயர் அதே உலையில் பிறக்கும் காய்கறிக் கத்திக்குக் கிடைக்கவில்லை. சென்ற பொங்கல் விடுமுறையில் தாத்தா செய்து கொடுத்த கத்தி ஒன்று பட்டறைக்கே திரும்பி வந்தது. அதனால், தேர்வுக்காக மட்டும் நான் படித்து வைத்திருந்த பாடம் ஒன்று என் கண்முன் நெருப்பில் பழுத்து நின்றது. அதனைத் தோழர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரும்பும் எஃகும்

இரும்புக்கும் எஃகுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் கார்பனின் அளவைப் பொறுத்தது. தேனிரும்பில் கார்பன் மிக மிகக் குறைவு, 0.1 சதவிகிதம்கூடத் தேறாது. அது நன்றாக வளையும். ஆனால் கூர்மை நிற்காது. வார்ப்பிரும்பில் 2 சதவிகிதத்திற்கு மேல் கார்பன் உண்டு. அது கெட்டியானது; ஆனால் சம்மட்டி அடிக்கு உடைந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடையே, ஏறத்தாழ 0.5 முதல் 1 சதவிகிதம் வரை கார்பன் உள்ள எஃகே கத்திக்கு ஏற்றது.

தாத்தா இந்தக் கணக்கை அறியார். ஆயினும் அவர் தேடி வாங்குவது பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை. அதில் கார்பன் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 சதவிகிதம் இருக்கும். வேறு துண்டு எதுவும் கைக்குக் கிடைத்தால் அதனைச் சாணைக்கல்லில் பிடித்துப் பார்ப்பார். பொறி நீளமாக, கிளைக்காமல் பறந்தால், “இது வெறும் இரும்பு” என்று ஒதுக்கிவிடுவார். பொறி பூப்போல வெடித்துச் சிதறினால், “இதுல சத்து இருக்கு” என்பார். அவர் ‘சத்து’ என்றது கார்பனைத்தான் என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று.

அடித்து உருவாக்கல்

மரக்கரி உலையில் பட்டை ஆரஞ்சு நிறமாகப் பழுத்ததும் குறட்டால் பற்றி அடைகல்லின் மேல் வைத்து அடிக்கிறார்கள். அப்போது அதன் வெப்பநிலை 1000 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியிருக்கும். நிறம் மங்கிச் சிவப்பானதும் மறுபடியும் உலைக்குள் தள்ளவேண்டும். ஆறிய இரும்பை அடித்தால் விரிசல் காணும். அளவுக்கு மீறிக் காய்ச்சினாலோ, பட்டையிலிருந்தே மத்தாப்புப் பொறி கிளம்பும். எஃகு எரிகிறது என்பது அதன் பொருள். எரிந்த எஃகு பின்னர் எதற்கும் உதவாது.

முதலில் முதுகு, பின்னர் வாய், கடைசியில் பிடிக்குள் செல்லும் வால் என்ற வரிசையில் உருவம் அமையும். அரிவாளைவிடக் காய்கறிக் கத்திக்கு வாய் மெலிதாக இருத்தல் வேண்டும். அரிவாள் வெட்டுவது, கத்தி அரிவது. மெல்லிய வாய்தான் தக்காளியை நசுக்காமல் அதனுள் இறங்கும். வாய் மெலிந்தால் உதிரும் அச்சமும் கூடுகிறது. ஆகவே கெட்டித்தன்மை, உடையாத் தன்மை ஆகிய இரண்டும் ஒரே பொருளில் வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். கத்தி செய்யும் கலை முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையே சமாதானம் செய்து வைப்பதே எனலாம்.

தோய்ச்சல்

வடிவம் அமைந்த கத்தி இன்னும் கத்தி ஆகவில்லை. அதற்குத் தோய்ச்சல் கொடுக்கவேண்டும். எஃகைச் செம்மையாகப் பழுக்கவைத்தால் அதன் படிக அமைப்பே மாறுகிறது. சாதாரண வெப்பநிலையில் இரும்பின் படிகம் கார்பனுக்கு இடம் கொடுப்பதில்லை. சூடேறியதும் அமையும் ஆஸ்டனைட் என்னும் அமைப்பு கார்பனைத் தன்னுள் கரைத்துக்கொள்கிறது. மெதுவாக ஆறவிட்டால் கார்பன் வெளியேறிவிடும். திடீரென்று குளிர்வித்தால் வெளியேற நேரமின்றி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அவ்வாறு சிக்கியதால் இறுகிப்போன அமைப்புக்கு, ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் பெயரால் மார்ட்டென்சைட் என்று பெயர். கண்ணாடியைக் கீறும் அளவுக்கு அது கெட்டியானது. கண்ணாடியைப் போலவே உடையக்கூடியதும்கூட.

மற்ற எஃகுக்கு நீர்த்தொட்டி போதும். லாரிப் பட்டைக்கு மட்டும் தாத்தா எண்ணெயைப் பயன்படுத்துகிறார். அந்த எஃகில் மாங்கனீசு, சிலிக்கன், குரோமியம் போன்றவை சேர்ந்திருப்பதால் நீரின் வேகம் அதற்குத் தாங்காது. பல பட்டைகள் வெடித்த பிறகு அவர் கண்டுகொண்ட உண்மை இது.

திரும்பி வந்த கத்தி

தை மாதம் மூன்றாம் நாள் அடுத்த தெருப் பாட்டி ஒருத்தி பட்டறைக்கு வந்து ஒரு கத்தியை அடைகல்லின் மேல் வைத்தாள். மீன் தலை நறுக்கும்போது வாய் மூன்று இடங்களில் உதிர்ந்திருந்தது.

“ஏன் ஆசாரி, இது உன் கையால செஞ்சதுதானா?” என்று கேட்டாள்.

தாத்தா மறுமொழி சொல்லவில்லை. வேறு கத்தி ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு அந்தக் கத்தியை இடுக்கியில் மாட்டி, ஒரே அடியில் நுனியை ஒடித்து என்னிடம் நீட்டினார்.

“உடைஞ்ச இடம் எப்படி இருக்கு? பாத்துச் சொல்லு அப்பு.”

“பளபளன்னு, கல்லுப்பு மாதிரி இருக்கு தாத்தா.”

“சாம்பல் மாதிரி நைசா இருக்கணும். சூடு ஏறிப்போச்சு” என்றார். சற்று நேரம் கழித்து, “எனக்குச் செவப்பு மங்கலாத் தெரியுது அப்பு. பத்தலைன்னு நெனச்சு இன்னும் ஊதிடுறேன்” என்றார்.

கண்புரை அவரிடம் இரண்டு ஆண்டுகளாக இருந்ததை நாங்கள் அறிவோம். சிகிச்சைக்கு அழைத்தபோதெல்லாம் அவர் தட்டிக்கழித்து வந்தார். ஆனால் அது உலை வரை வந்துவிட்டதை அன்றுதான் அறிந்தோம். எஃகை அளவுக்கு மீறிக் காய்ச்சினால் அதன் உள்மணிகள் பருத்துவிடும். பருமணி கொண்ட எஃகு எளிதில் உடையும். இதனை வகுப்பில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்த வரி ஒரு முதியவரின் நற்பெயரைப் பற்றியதாகவும் இருக்கக்கூடும் என்று அன்று வரை நான் எண்ணியதில்லை. மறுநாளிலிருந்து அவர் உலை மூட்டவில்லை. சாணை பிடிக்கும் வேலையை மட்டும் செய்தார்.

காந்தம்

இரும்பு ஏறத்தாழ 770 டிகிரியில் தன் காந்த ஈர்ப்பை இழக்கிறது. இதுவும் பாடத்தில் உள்ளதே. கத்தி எஃகைத் தோய்க்க வேண்டிய வெப்பநிலை அதற்குச் சற்று மேல்தான், 800ஐ ஒட்டி. அப்படியானால் கண் செய்யும் வேலையைக் காந்தம் செய்யலாம் அன்றோ?

பழுதான ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து காந்தத்தைக் கழற்றி, கம்பியில் கட்டி உலைக்கு அருகே தொங்கவிட்டேன். தாத்தாவை வற்புறுத்தி உலை மூட்டச் செய்தேன். கத்தியை எடுத்து எடுத்துக் காந்தத்தில் தொட்டுப் பார்த்தோம். முதலில் ‘டக்’கென்று ஒட்டியது. பிறகு சோம்பலாக ஒட்டியது. பின்னர் ஒட்டவே இல்லை. “இன்னும் ஒரு மூச்சு ஊது” என்றார். ஊதினேன். எண்ணெயில் இறக்கினார். ஒரு மாதிரித் துண்டை ஒடித்துப் பார்த்தோம். சாம்பல் நிறம், மணியே தெரியவில்லை. தாத்தா அந்தத் துண்டை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறம் பார்த்தல்

பாதி வேலைதான் முடிந்தது. தோய்ந்த கத்தியின் விறைப்பைச் சிறிது தணிக்கவேண்டும். எங்கள் பட்டறையில் கத்தியின் வாய்ப்பகுதியை மட்டும் முக்கி எடுப்பது வழக்கம். முதுகில் சூடு மிச்சம் இருக்கும். உடனே வாயைக் கல்லில் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கினால், முதுகின் சூடு வாயை நோக்கி இறங்கும்போது நிறங்கள் ஓடிவருவதைக் காணலாம். இந்நிறம் சாயம் அன்று. எஃகின் மேல் படரும் மிக மெல்லிய ஆக்ஸைடு படலத்தில் ஒளி பட்டு எழுவது. தண்ணீரில் மிதக்கும் எண்ணெயில் வானவில் தோன்றுவதும் இதே காரணத்தால்தான்.

வெளிர் மஞ்சள் ஏறத்தாழ 220 டிகிரி; பழுப்பு 250ஐ ஒட்டி; ஊதா 280; நீலம் 300. தாத்தாவின் அகராதியில் இவை வைக்கோல், வெல்லம், கத்தரிப்பூ, மயில்கழுத்து. காய்கறிக் கத்தியின் வாயில் வைக்கோல் முற்றி வெல்லமாகும் முன் நிறுத்தவேண்டும். மரம் வெட்டும் கோடரிக்குக் கத்தரிப்பூ வரை விடலாம். மயில்கழுத்து கத்தியின் வாய்க்கு வந்துவிட்டால் அது மிருதுவாகிவிடும், கூர் நிற்காது.

இங்கே காந்தம் உதவாது. “நீ பாத்துச் சொல்லு, நான் முக்குறேன்” என்றார். முதல் கத்தியில் நான் தடுமாறினேன். “வைக்கோல்” என்று வாய் திறப்பதற்குள் நிறம் கத்தரிப்பூவுக்கு ஓடிவிட்டது. தாத்தா திட்டவில்லை. “நெறம் காத்திருக்காது அப்பு” என்று மட்டும் சொல்லிவிட்டு, கத்தியை மறுபடியும் உலையில் வைத்தார். இரண்டாம் முறை, வைக்கோல் வாயைத் தொட்ட நொடியில் குரல் கொடுத்தேன். முழுக் கத்தியும் எண்ணெய்க்குள் இறங்கியது. அரத்தை வைத்து உரசினார். அரம் வழுக்கியது, சற்றே பிடித்தது. “சரி” என்றார். கல்லூரியில் நான் வாங்கிய மதிப்பெண் எதுவும் அந்த ஒரு சொல்லுக்கு ஈடாகாது.

மரப்பிடி

பிடிக்கு ஏற்றது நன்கு உலர்ந்த மரம். ஈரமரம் காய்ந்து சுருங்கினால் கத்தி ஆடும். எங்கள் பக்கத்தில் வேம்பும் வாகையும் பயன்படுகின்றன. பிடியின் முகப்பில் இரும்புப் பூண் மாட்டி, துளையில் அரக்குப் பொடியை நிரப்பி, வாலைச் சூடாக்கிச் செருகுகிறார்கள். அரக்கு உருகி வாலைச் சூழ்ந்து, ஆறியதும் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது, ஈரக்கையிலும் வழுக்காது. பிடி பிளக்காமல் பூண் காக்கிறது. பிடி தேய்ந்துபோனால் அதனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

கறுப்பது ஏன்?

வாழைப்பூ அரிந்தால் கத்தி கறுத்துவிடுகிறது என்று பெண்கள் குறைப்படுவதுண்டு. வாழைப்பூவில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்புடன் கூடிக் கருநிறச் சேர்மம் ஆகிறது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து முற்காலத்தில் மை தயாரித்ததும் இதே வினையால்தான். எனவே இது கத்தியின் குற்றம் அன்று.

1913இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகு இக்குறையைப் போக்கியது. அதிலுள்ள குரோமியம் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு போர்வையாகி எஃகைக் காக்கிறது. அதன் வசதியை மறுப்பதற்கில்லை. ஆனால் கொல்லர் கத்தியைத் துடைத்து உலர வைத்து, துளி எண்ணெய் தடவினால் துரு அணுகாது. மழுங்கினால் வீட்டுக் கல்லிலேயே தீட்டிக்கொள்ளலாம்.

அறிவியலும் கொல்லரும்

தென்னாட்டு உருக்கு ‘வூட்ஸ்’ என்ற பெயரில் உலகப்புகழ் பெற்றிருந்தது. கொடுமணல் அகழாய்வு நம் முன்னோரின் எஃகுத் தொழிலுக்குச் சான்று தருகிறது. மைக்கேல் ஃபாரடே 1819இல் இந்திய எஃகை ஆராய்ந்தார். அடுத்த ஆண்டுகளில் எஃகுக் கலவைகளைப் பற்றிய ஆய்வில் அவருடன் இணைந்து உழைத்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட். அவர் கத்தியும் அறுவைக் கருவிகளும் செய்யும் தொழிலாளி. அறிவியல் மேதையும் கத்தி செய்பவரும் ஒரே உலையருகே நின்றார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

முடிவுரை

மாசி மாதம் தாத்தாவுக்குக் கண் சிகிச்சை நடந்து, இப்போது பார்வை தெளிந்துவிட்டது. அந்த ஒலிபெருக்கிக் காந்தம் இன்னும் உலையருகே தொங்குகிறது. நான் ஊருக்குச் செல்லும்போதெல்லாம், “வா அப்பு, நெறம் சொல்லு” என்று அழைக்கிறார். கண் தெரிந்தும் ஏன் அழைக்கிறார் என்பது எனக்குப் புரிகிறது.

அவர் சொல்லும் நிறங்களை, வெப்பநிலைகளுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அவருக்குப் பின் அந்தப் பட்டறையில் உலை எரியுமா என்று என்னால் சொல்ல இயலாது. என் தந்தை வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டார். நானும் வேறு வேலைக்கே படிக்கிறேன். ஆனால் வைக்கோலுக்கும் வெல்லத்துக்கும் இடையே உள்ள அந்த ஒரு நொடியை அறிந்தவர் இல்லாமல் போகக்கூடாது.

தோழர்களே! நம்மில் பலர் உழவர், தச்சர், குயவர், நெசவாளர் வீட்டிலிருந்து இக்கல்லூரிக்கு வந்தவர்கள். அடுத்த விடுமுறையில் பாடநூலுடன் வீட்டுக்குச் செல்லுங்கள், பெரியவர்கள் வேலை செய்யும்போது அருகே அமருங்கள், ‘ஏன் இப்படி?’ என்று கேளுங்கள். நம் பாடநூலின் விடைகள் பலவற்றுக்கு உரிய வினாக்கள் அங்கேதான் இருக்கின்றன.