புத்தாண்டும் பணி முறைமையும்

சித்திரை பிறந்தவுடன் பஞ்சாங்கங் கேட்டலும், இவ்வாண்டில் இன்னவை செய்வேம் என உறுதி கொள்ளலும் நம்மவர் வழக்கம். அவ்வுறுதி பெரும்பாலும் ஆடிக்கு முன்னரே தளர்கின்றது. ஊர்தோறும் தொடங்கும் சித்தாந்த பாடக் கூட்டங்கள் கலைவதும் இங்ஙனமே. இதற்குக் காரணம் அன்பின்மையன்று. முற்படச் செய்வன இவை, பிற்படச் செய்வன இவை என வரையறுத்துக் கொள்ளாமையே என்பது எமது துணிபு.

ஈண்டு ஒரு தடை எழும். வினைப்பயனை அவ்வவர்க்கு உரியதாக நியதி தத்துவம் வரையறுக்குமாயின், யாம் திட்டஞ் செய்தலாற் போந்த பயன் என்னையெனின், கூறுதும்.

காரைக்காலுக்கு வடபாலதாகிய கோட்டுச்சேரி காவிரியின் கடைமடை நாட்டது. காரைக்காலை உள்ளிட்ட புதுச்சேரி ஆட்சிப்பகுதிக்குக் காவிரி நீர் 7 டி.எம்.சி. என 2007இல் நடுவர் மன்றம் வரையறுத்தது. 2018இல் உச்சநீதிமன்றமும் அவ்வளவையே நிலைநிறுத்திற்று. மேட்டூர் அணை திறத்தற்கு வழக்கமாகக் குறித்த நாள் ஜூன் 12. பங்கும் நாளும் வரையறைப்பட்டனவேனும், தூர்ந்த வாய்க்காலின் வழியே அப்பங்கு வயலைச் சேராது. ஆதலின் கடைமடை உழவன் நீர் வந்தபின் மண்வெட்டி தேடுவானல்லன். கோடையிலேயே வாய்க்காலைத் தூர்வாரி, வரப்பைச் செப்பனிட்டு, நாற்றங்காலுக்கு இடம் வகுத்து, விதையைத் தேர்ந்து வைப்பன். நீரைத் தருதல் அவன் செயலன்று. வழியைத் திறந்து வைத்தலே அவன் செயல். நியதி பங்கினை வரையறுக்க, கலை, வித்தை, அராகம் என்னுந் தத்துவங்கள் உயிரின் செயலையும் அறிவையும் விழைவையும் எழுப்புகின்றன. ஆகலான் முயற்சி நியதிக்குப் பகையன்று என்க.

இனி, முற்படச் செய்வது யாது? காரைக்காலம்மையார் வரலாறு இதனைத் தெளிவிக்கும். கணவர் விடுத்த மாங்கனி இரண்டும் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்தன. சிவனடியார் ஒருவர் பசியோடு வந்தபொழுது சோறு சமைந்திருந்தது, கறியமுது ஆகவில்லை. அம்மையார் கறிக்குக் காத்திராது ஒரு கனியை இட்டு அமுது செய்வித்தார். கணவர் உண்ணவரும் வேளை பின்னது; அடியார் பசியோ அப்பொழுதே தீர்க்கத்தக்கது. நம்மை நாள்தோறும் நெருக்குங் காரியங்களுட் பல ஒருநாள் தாழ்ப்பினுங் கெடுவனவல்ல. பூசையும் ஓதலும் அடியார் பணியுமோ தாழ்க்குந்தோறும் கெடும். தாழ்க்கும் பழக்கமே முதிர்தலின்.

இம்முறைமைக்குத் துணையாவது சிவஞானபோதம். சூத்திரம் பன்னிரண்டு, திங்களும் பன்னிரண்டு. அவை மும்மூன்றாய்ப் பிரமாணம், இலக்கணம், சாதனம், பயன் என நான்காக நிற்றலின், ஆண்டின் நான்கு கூறுகளோடும் ஒக்கும். சித்திரை முதலிய மூன்று திங்களில் முப்பொருள் உண்மையும், ஆடி முதலியவற்றில் அவற்றின் இலக்கணமும், ஐப்பசி முதலியவற்றிற் சாதனமும், தை முதலியவற்றிற் பயனும் பாடமாகுக. ஐந்தெழுத்தை ஓதுதல் கூறும் ஒன்பதாஞ் சூத்திரம் மார்கழியில் வந்தமையும். அடியாரையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுதல் கூறும் பன்னிரண்டாஞ் சூத்திரம், அம்மையார் குருபூசை நாளாகிய சுவாதியையுடைய பங்குனியில் வந்தமையும்.

ஒவ்வொரு திங்களிலும் முதல் வாரம் சூத்திரத்தை நெட்டுருச் செய்க. இரண்டாம் வாரம் உரை கேட்க. மூன்றாம் வாரம் ஒருவரோடொருவர் வினவி ஐயம் அகற்றுக. நான்காம் வாரத்திற்குப் பாடம் வகுத்தல் வேண்டா. கடைமடைக்கு நீர் தாழ்த்து வருதல்போல இடையூறுகள் நேர்தல் இயல்பாகலின், விட்டனவற்றை நிரப்ப அவ்வாரம் உதவும். முதலாண்டிற்குச் சிவஞான முனிவர் அருளிய சிற்றுரையே அமையும். மாபாடியம் அடுத்த ஆண்டிற்கு நிற்க. எல்லாவற்றையும் ஒருங்கே பற்றுவார் ஒன்றையும் பற்றாது ஒழிவர்.

கோட்டுச்சேரி போன்ற சிற்றூர்களில் ஐவர் கூடினும் இது நடைபெறும். ஆலய மண்டபம் ஒன்றும், மாறாத கிழமை ஒன்றும் போதும். அக்கிழமையை எவ்வில்லக் காரியத்திற்கும் விட்டுக்கொடாமையே இவ்வாண்டிற் கொள்ளத்தக்க முதல் நியமமாகும்.