பொங்கலுக்குச் சிநேகிதர்க்கு ஓலைப்பெட்டி

பொங்கல் விடுமுறையில் நம்மைக் காண வரும் சிநேகிதரையும், நாம் சென்று காணும் சிநேகிதரையும் வெறுங்கையுடன் பார்ப்பது நம்மவர் வழக்கமன்று. கடையில் வாங்கும் வெகுமதி ஒவ்வொன்றும் சிறு விலையினதாயினும், பத்துப் பேருக்கு வாங்குங்கால் அது பண்டிகைச் செலவில் பெரும் பங்காகிவிடுகின்றது. அதற்கெனக் கைம்மாற்று வாங்கும் குடும்பங்களும் உண்டு. பனை நிற்கும் கிராமங்களில் இச்செலவின்றிச் செய்து கொடுக்கத்தக்க பொருள், மூடியுடன் கூடிய சிறு ஓலைப்பெட்டி. அதனைச் செய்யும் முறையையும், அதற்குரிய காலத்தையும் சங்கத்து அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

காலத்தை முதலிற் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஓலை வேலை கெடுவது பெரும்பாலும் முடைவதிலன்று, உலர்த்துவதிலேயாம். தை முதல் நாளுக்கு முந்திய ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலம். அப்பொழுது வெட்டிய ஓலை சரியாக உலராது. உலராத ஓலையில் பூஞ்சணம் பற்றிக் கரும்புள்ளிகள் விழும். மார்கழியில் முடைய விரும்புவோர் புரட்டாசி முடிவதற்குள் ஓலையை வெட்டி, உலர்த்தி, கட்டாகக் கட்டி, ஈரம் தாக்காத பரணில் வைத்துக்கொள்ளல் வேண்டும். பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது பனையேறியைத் தேடிப் புறப்படுவோர்க்கு இவ்வருஷம் பெட்டி இல்லை என்றே கொள்ளலாம்.

பெட்டிக்கு உகந்தது விரியாத குருத்தோலை. முற்றிய பச்சை ஓலை மடிக்குமிடத்தில் ஒடியும். ஆயினும் குருத்து வெட்டுவதில் ஓர் எச்சரிக்கை அவசியம். பனை ஏறக்குறைய மாதத்திற்கு ஒன்று என்ற அளவில்தான் ஓலை விடும். அதற்கு வளர்முனையும் ஒன்றே. ஒரே மரத்திற் குருத்தை அடுத்தடுத்து வெட்டினால் மரம் நலியும். முனை காயப்பட்டால் மரமே பட்டுப்போகும். எனவே ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் எடாமல், பல மரங்களிற் பரவலாக எடுத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் பனையை வெட்டுவதற்கு ஜில்லா கலெக்டரின் அனுமதி கட்டாயம் என 2021-ஆம் வருஷத்து வேளாண்மை வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. கோடரிக்குத் தப்பிய மரத்தை அரிவாளால் கொல்வது என்ன நியாயம்? பனையேறிகள் அருகிவிட்ட இந்நாளில் தனித்தனியே ஆள் தேடுவதும் கடினம். சங்கத்தார் ஒன்றுகூடி ஒரு நாள் கூலிக்கு ஒருவரை அமர்த்தி, அனைவருக்கும் வேண்டிய ஓலையை ஒருங்கே எடுப்பது நலம்.

வெட்டிய குருத்தை இதழ் இதழாகப் பிரித்து, மூன்று நான்கு நாள் நல்ல வெயிலில், இரவிற் பனி படாமல் எடுத்து வைத்து உலர்த்தினால் தந்த நிறம் பெறும். பின்னர் நடுவிலுள்ள ஈர்க்கைக் கிழித்தெடுத்துப் பத்திரப்படுத்துக. விளிம்பு கட்டுவதற்கு அது வேண்டும்.

நான்கு அங்குலச் சதுர அடியும் மூன்று அங்குல உயரமும் உள்ள பெட்டியொன்றைப் பார்ப்போம். அரை அங்குல அகலத்தில், 14 அங்குல நீளமுள்ள கீற்றுகள் 16 வேண்டும். அடிக்கு 4, இரு பக்கச் சுவர்களுக்கு 6, மடிப்பதற்கு இரு முனையிலும் இரண்டிரண்டு அங்குலம் என்பது கணக்கு. முடையுமுன் கீற்றுகளை நீரில் நனைத்து, ஈரத்துணியிற் சுற்றி வைத்தால் பதமாக வளையும். எட்டுக் கீற்றுகளை நெடுக்கிலும் எட்டைக் குறுக்கிலும் ஒன்றுவிட்டொன்று மேலும் கீழுமாகக் கோத்து நெருக்கினால் அடி அமையும். நாற்புறமும் நீண்டு நிற்கும் 32 முனைகளையும் மேல்நோக்கி மடித்து, 18 அங்குலக் கீற்றுகள் ஆறினைத் தனித்தனி வளையமாகச் சுற்றிக் கோத்தால் சுவர் எழும். ஒவ்வொரு வளையத்தையும் முந்தியதற்கு மாறாகக் கோத்து, முடியுமிடத்தில் இரண்டங்குலம் ஒன்றன்மேல் ஒன்று படியச் செருகுக. மிகுந்த முனைகளை மடித்து உட்புறம் செருகி, ஈர்க்கை விளிம்பில் வைத்து மெல்லிய ஓலை நாரினால் தைத்துவிட்டால் பெட்டி முடிந்தது.

மூடிக்கும் கீற்றுகளின் எண்ணிக்கை அதுவே. அகலம் மட்டும் நூலளவு கூடுதலாயிருத்தல் வேண்டும். புதிதாகப் பழகுவோர் இரண்டிற்கும் ஒரே அகலத்திற் கிழித்து, மூடி இறங்காமல் திகைப்பதுண்டு. உயரம் ஓரங்குலம் போதும்.

சாயம் ஏற்ற விரும்பினால், முடையுமுன்பே, கொதிக்கும் சாய நீரில் சிறிது உப்பிட்டுக் கீற்றுகளை அமிழ்த்திப் புரட்டி, குளிர்ந்த நீரில் சாயம் கழியாத வரை அலசி நிழலில் உலர்த்துக. தின்பண்டம் வைக்கும் பெட்டியின் உட்புறம் சாயமற்ற ஓலையாக இருப்பதே நல்லது. செட்டிநாட்டுக் கொட்டான்கள் பல நிறக் கீற்றுகளால் அழகு பெற்றவை. கலியாணச் சீர்களில் இடம்பெற்ற அக்கைத்தொழில் அருகிப்போய், 2000-ஆம் வருஷத்திற்குப் பின் விசாலாட்சி ராமசாமி அம்மையாரின் முயற்சியால் மீண்டும் தழைத்தது. திருச்செந்தூரை அடுத்த மணப்பாட்டிலும், வடக்கே பழவேற்காட்டிலும் பெண்மக்கள் செய்யும் ஓலைச் சாமான்களைக் கண்டவர், இது ஏழை வீட்டுப் பெட்டி என்று கூசமாட்டார்.

பெட்டிக்குள் என்ன வைப்பது என்பது சிநேகிதரைப் பொறுத்தது. பட்டணத்திலிருந்து வருவோர்க்குச் சுக்கும் ஏலமும் சேர்ந்த சில்லுக்கருப்பட்டியினும் உவப்பானது வேறில்லை. பொங்கல் சமயத்திற் கிடைப்பது முந்திய பருவத்துச் சரக்காதலின், மழைக்காலத்து ஈரத்தில் கசிந்திருக்கிறதா எனப் பார்த்து, உலர்ந்த காகிதத்திற் சுற்றி வைக்கவும். தையல் வேலை செய்யும் தோழிக்கு ஊசியும் நூற்கண்டும் வைக்கலாம். வீட்டிற் குழந்தை இருந்தால் ஓலைக் கிலுகிலுப்பை ஒன்றையும் சேர்க்கலாம். கோலப்பொடி வேண்டாம், கீற்றுகளின் இடுக்கில் அது சிந்திவிடும்.

பெட்டியைப் பெற்ற சிநேகிதர் தமக்கும் இருபது வேண்டும் எனக் கேட்பதுண்டு. அப்பொழுது அது வெகுமதியன்று, வியாபாரம். ஓலை ஊரிற் கிடைப்பதால் விலையற்றது என நினைத்து, கேட்ட விலைக்குக் கொடுத்துவிடும் வழக்கத்தால் நஷ்டமடைவது முடைந்த பெண்ணின் உழைப்பேயாம். முதற் பெட்டியை முடையும்போதே, கிழிக்கவும் நனைக்கவும் முடையவும் தைக்கவும் சென்ற நேரத்தைக் குறித்து வைத்து, அதற்குரிய கூலியுடன் ஓலையின் கிரயத்தையும் சாயச் செலவையும் சேர்த்துச் சங்கக் கூட்டத்தில் ஒரே விலையாகத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

கொடுக்கும்போது ஓலைநறுக்கு ஒன்றில் இரண்டு வரி எழுதி உள்ளே வைப்பது நன்று: பெட்டியை நீரிற் கழுவ வேண்டாம்; பூஞ்சணம் கண்டால் உலர்ந்த துணியால் துடைத்து ஒரு மணி நேரம் வெயிலில் வைக்கவும்.