மேடைக்கு ஏற்ற லேப்டாப்

நம் சங்கக் குடும்பங்களில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். முன்பெல்லாம் எல்லா நாதமும் கீபோர்டுக்குள்ளேயே அடங்கியிருக்கும். இப்போது வெறும் கட்டைகள் மட்டும் கொண்ட ஒரு பலகையை லேப்டாப்புடன் இணைத்து, அதிலுள்ள மென்பொருள் மூலம் பியானோ, வயலின், வீணை, தம்புரா என்று வேண்டியதை வரவழைக்கிறார்கள். ஆகவே பெற்றோர்கள் என்னிடம், "ஸார், எந்த லேப்டாப் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். முப்பது வருடங்களுக்கு மேல் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் சிக்னலுக்கும் மேடை இசைக்கும் ஒரே நியதிதான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை சரியாக இருந்தால் இரண்டிலுமே பாஸ் மார்க் கிடையாது.

காரணத்தைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். லேப்டாப், ஒலியைக் குழாய்த் தண்ணீர்போல் இடைவிடாமல் அனுப்புவதில்லை. ஒரு விநாடி ஒலியை வழக்கமாக 48,000 துணுக்குகளாக நறுக்கி, அவற்றை 128, 256 என்று கட்டுக் கட்டாக அனுப்புகிறது. இந்தக் கட்டுக்கு 'பஃபர்' என்று பெயர். 128 துணுக்குகள் கொண்ட கட்டு என்றால் 2.7 மில்லி விநாடிக்கு ஒரு கட்டு தயாராக வேண்டும். விநாடிக்கு 375. இரண்டு மணி நேரக் கச்சேரிக்குக் கணக்குப் போட்டால் 27 லட்சம் கட்டுகள்! அதில் ஒன்றே ஒன்று நேரம் தவறினாலும் ஒலிபெருக்கியில் 'டப்' என்று கேட்கும். கடைசி வரிசையில் இருப்பவரும் திரும்பிப் பார்ப்பார்.

பஃபரைப் பெரிதாக்கினால் லேப்டாப்புக்கு அவகாசம் கிடைக்கும். ஆனால் விரல் தட்டுவதற்கும் ஒலி எழுவதற்கும் இடையே தாமதம் கூடும். 512 துணுக்குகள் வைத்தால் அந்தக் கட்டுக்கு மட்டும் 10.7 மில்லி விநாடி. காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 செ.மீ. போகும். அதாவது ஒலிபெருக்கியை மூன்றரை மீட்டர் பின்னால் தள்ளி வைத்ததற்குச் சமம். மெதுவான பாட்டுக்குப் பாதகமில்லை. மிருதங்கத்துடன் துரித காலத்தில் ஸ்வரம் வாசிப்பவருக்குக் கை தடுமாறும். ஆகவே 128-இலோ, போனால் போகிறதென்று 256-இலோ, வெடிப்பில்லாமல் ஓட வேண்டும். அப்படி ஓடாத லேப்டாப், விலை எதுவானாலும், மேடைக்கு ஆகாது என்பது என் கட்சி. ப்ளூடூத் ஹெட்போன் போட்டுக்கொண்டு வாசிப்பது பற்றிப் பேச்சே வேண்டாம். அதன் தாமதம் பெரும்பாலும் 100 மில்லி விநாடிக்கு மேல்.

2024 பொங்கல் விழாவில் நம் பெண் ஒருத்தி வாசித்தபோது நாலைந்து இடங்களில் இந்த 'டப்' சத்தம் வந்தது பலருக்கு நினைவிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தவள். நவராத்திரி நிகழ்ச்சிகளிலும் கல்யாண ரிசப்ஷன்களிலும் வாசித்துத் தன் டியூஷன் ஃபீஸைத் தானே கட்டியவள். அடுத்த நிகழ்ச்சிக்கு அவளைக் கூப்பிட ஆர்க்கெஸ்ட்ராக்காரர் தயங்கினார். அவள் தகப்பனார் தவணைக் கடனில் ஒன்றரை லட்ச ரூபாய்க்கு விளையாட்டு லேப்டாப் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "முதலில் பழையதைக் கொண்டு வாருங்கள்" என்றேன்.

'லேட்டன்ஸிமான்' என்று விண்டோஸுக்கு ஒரு மென்பொருள் இருக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு இலவசம். லேப்டாப்பின் உள்ளே எந்த 'டிரைவர்' வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். பத்து நிமிஷம் ஓடவிட்டோம்; சிவப்பில் எச்சரிக்கை வந்தது. வைஃபையை முடக்கிவிட்டு மறுபடி ஓடவிட்டோம், பச்சை. "தாத்தா, பிராசஸர் இருபது பர்சென்ட்கூட வேலை செய்யலையே, அப்புறம் எதுக்கு வெடிச்சுது?" என்று அந்தப் பெண் கேட்டாள். நல்ல கேள்வி. அந்த இருபது என்பது சராசரி. ஸெக்‌ஷனில் நாள் முழுவதும் லைன் காலியாக இருக்கலாம். எக்ஸ்பிரஸ் வரும் நிமிஷத்தில் ஒரு டிராலி குறுக்கே நின்றால் எக்ஸ்பிரஸ் நிற்கத்தான் வேண்டும். இங்கே வைஃபை டிரைவர்தான் அந்த டிராலி. ஒன்றரை லட்சம் மிச்சம். அந்த வருஷ நவராத்திரிக்கும் அதே பழைய லேப்டாப்தான் மேடை ஏறியது.

உண்மையிலேயே புதிதாக வாங்க வேண்டியவர்களுக்குச் சில விவரங்கள். விளையாட்டு லேப்டாப்பில் நீங்கள் பணம் கொடுப்பது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு. இசை மென்பொருளுக்கு அதனால் பயன் இல்லை. சில சமயம் அதன் டிரைவரே டிராலியாகிவிடும். பிராசஸரில் எத்தனை 'கோர்' என்பதைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம். ஒரு வாத்தியமும் அதன்மேல் அடுக்கிய எஃபெக்டுகளும் பொதுவாக ஒரே கோரில்தான் ஓடும். இன்டெலில் பெயரின் கடைசியில் 'யூ' எழுத்து இருந்தால் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் ரகம்; 'ஹெச்' நமக்கு உகந்தது. ரேம் 16 ஜி.பி.க்குக் குறைய வேண்டாம். பெரிய பியானோ, வயலின் தொகுப்புகளை ஏற்றுபவர் 32-க்குப் போகலாம். ஆப்பிள் லேப்டாப்பில் ரேமைப் பின்னால் கூட்ட முடியாது. வாங்கும்போதே தீர்மானிக்க வேண்டும்.

ஆப்பிளா, விண்டோஸா என்று பட்டிமன்றம் நடத்துகிறார்கள். ஆப்பிளில் ஒலிக்கான ஏற்பாடு உள்ளேயே ஒழுங்காக இருக்கிறது. 'மெயின்ஸ்டேஜ்' என்ற மேடை மென்பொருள் அதில் மட்டும்தான் ஓடும். விண்டோஸில் 'ஆசியோ' டிரைவர் கொண்ட வெளி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று அவசியம். ஏபிள்டன் லைவ், ரீப்பர் இரண்டிலும் ஓடும். பிள்ளை எதில் கற்றுக்கொள்கிறதோ அதன்படி முடிவு செய்யுங்கள். அவர்கள் வாத்தியார் எதை வைத்திருக்கிறார் என்பதும் பெரிய உதவி. இன்டர்ஃபேஸுக்குத் தண்டர்போல்ட் வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு சேனல் ஒலிக்கு விநாடிக்கு 23 லட்சம் பிட்தான் ஆகிறது, பழைய யு.எஸ்.பி. 2-இன் கொள்ளளவு 48 கோடி. ஆனால் ஹப் வைக்காமல் லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள்.

நம் நாக்பூருக்கென்று தனி விஷயம் ஒன்று உண்டு: வெயில். ஆப்பிள் நிறுவனம் தன் லேப்டாப்புகளை 10 முதல் 35 டிகிரி வரையுள்ள இடத்தில் உபயோகிக்கச் சொல்கிறது. மே மாதம் இங்கே பகலில் 45-ஐத் தொடும். பந்தலுக்குள் மாலையிலும் 35-க்குக் கீழே இறங்குவதில்லை. சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைக்கும். மேக்புக் ஏர் 2020-இன் எம்1 முதல் விசிறியே இல்லாமல் வருகிறது. ஏ.சி. ஹாலுக்கு அது அருமையானது. கோடையில் திறந்தவெளி மேடைக்கு விசிறியுள்ளதே மேல். எதுவானாலும் மெத்தை, ஜமக்காளத்தின்மேல் வைக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள். மேடை விளக்கின் நேர்ச்சூடு படக் கூடாது.

செகண்ட்ஹாண்ட் வாங்குவதில் தவறில்லை. ஆபீஸ்களிலிருந்து கழித்த லேப்டாப்புகள் பாதி விலைக்கும் கீழே கிடைக்கின்றன. ஆனால் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட முடியாது. தலைமுறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு விலை பேசுங்கள்.

சார்ஜரைச் செருகியதும் 'ம்ம்' என்று இரைச்சல் வந்தால் லேப்டாப்பைத் திட்ட வேண்டாம். நம் மின்சாரம் 50 சைக்கிள். லேப்டாப்பும் ஆம்ப்ளிஃபயரும் வேறு வேறு ப்ளக்கில் எர்த் ஆகும்போது இப்படி ஆகும். இரண்டையும் ஒரே போர்டில் செருகிப் பாருங்கள். போகாவிட்டால் ஆடியோ லைனில் ஓர் 'ஐஸொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்' போடுங்கள். சிலர் எர்த் பின்னைப் பிடுங்கிவிடுகிறார்கள். இரைச்சல் போகும், ஒருநாள் மைக்கைத் தொட்டவர் உயிரும் போகலாம். இதை எந்த மேடையில் கண்டாலும் தடுத்து நிறுத்துங்கள்.

புது லேப்டாப் வந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், கச்சேரியில் உபயோகிக்கும் எல்லா வாத்தியங்களையும் ஏற்றி, சார்ஜரில் போட்டு, வைஃபையையும் அப்டேட்டையும் நிறுத்தி, ஏ.சி. இல்லாத அறையில் இரண்டு மணி நேரம் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு வெடிப்பு வந்தாலும், அமைப்புகளைச் சரிபார்த்து மறுபடி ஓட்டுங்கள்; அப்போதும் வந்தால் திருப்பிவிடுங்கள். தேறிய பிறகும், தம்புராவை மட்டும் லேப்டாப்பில் வைக்காமல் ஒரு பழைய போனில் தனி ஒயரில் ஓடவிடுங்கள். லேப்டாப் நின்றாலும் ஸ்ருதி நிற்காது. அதை மறுபடி இயக்கும் வரை பாடுபவர் ஓர் ஆலாபனையை இழுத்துச் சமாளித்துக்கொள்வார்.