தென்னையில் ஆன்டெனா

கேள்வி: தோட்டத்தில் இரண்டு தென்னைகள் உள்ளன. ஹாம் ரேடியோ ஆன்டெனாவை அவற்றில் கட்டலாமா?
– வாசகர், தவளக்குப்பம்

பதில்: தாராளமாக. 7 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் கம்பி சுமார் 20 மீட்டர் நீளம் வேண்டும். மரங்களுக்கு இடையே அதைவிடச் சற்றுக் கூடுதல் இடைவெளி இருக்கட்டும். ஆணி மட்டும் அடிக்காதீர்கள். தென்னையில் பட்ட காயம் ஆறாது, சிவப்புக் கூன்வண்டு அதைத் தேடி வரும். அகலப் பட்டை சுற்றிக் கப்பி மாட்டுங்கள். நைலான் கயிற்றின் ஒரு நுனியைக் கம்பியோடு இணைத்து, கப்பி வழியாக இறங்கும் மறுநுனியில் மணல் நிரப்பிய கேனைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடும்போது கேன் ஏறி இறங்கும், கம்பி அறாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் உங்கள் பக்கம்தானே கரையேறியது! புயல் எச்சரிக்கை வந்தால் இறக்கிவிடுங்கள். மின்கம்பி அருகே வேண்டவே வேண்டாம். உரிமம் வாங்கியாயிற்றா?