கிணற்று மோட்டாரின் நீர்மட்ட சென்சார்: பழுதறிந்து மாற்றும் முறை

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மும்முனை மின்சாரமும் வந்துவிட்டது. ஆனால் ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரை ஓட்ட மறுக்கிறது. பெட்டியில் ‘தண்ணீர் இல்லை’ என்பதற்கான சிவப்பு விளக்கு எரிகிறது. வாழையும் மஞ்சளும் வாடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இவ்வாறு நேர்ந்தால், விவசாயி பெரும்பாலும் செய்வது ஒன்றுதான். சென்சார் ஒயர்கள் வந்து சேரும் திருகுகளை ஒரு துண்டுச் செப்புக் கம்பியால் இணைத்துவிடுகிறார். மோட்டார் உடனே ஓடுகிறது, அன்றைய பாசனமும் முடிகிறது. அந்தத் துண்டுக் கம்பியை மறுநாள் நினைவாக எடுத்துவிடுபவர்கள் மிகச் சிலரே.

அந்தக் கம்பி அங்கே இருக்கும் வரை, கிணறு வற்றினாலும் பெட்டிக்கு அது தெரியப் போவதில்லை. நீர்மூழ்கி மோட்டார் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரால்தான் குளிர்கிறது. பம்ப்பின் புஷ்களுக்கும் தண்ணீரே மசகு. தண்ணீரின்றி ஓடினால் புஷ் தேயும், இம்பெல்லர் உருகிப் பிடிக்கும், கடைசியில் காயில் கருகும். ஓவர்லோடு ரிலே காப்பாற்றாதா என்று சிலர் கேட்பதுண்டு. ஆம்பியர் கூடினால்தான் அந்த ரிலே விழும். தண்ணீர் தூக்காத பம்ப்புக்குப் பளு குறைவு, ஆகவே ஆம்பியரும் குறைவாகவே இருக்கும். ரிலே பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

சென்சாரின் அமைப்பு மிக எளிது. மூன்று உலோகக் கம்பிகள் கிணற்றுக்குள் தொங்குகின்றன. மிகத் தாழ்வாக இருப்பது பொதுக் கம்பி. அதற்கு மேலே கீழ்மட்டக் கம்பி. அதற்கும் மேலே மேல்மட்டக் கம்பி. கிணற்றுத் தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் வழியே சிறிதளவு மின்சாரம் கம்பிக்குக் கம்பி பாய்கிறது. தண்ணீர் மேல்மட்டக் கம்பியைத் தொட்டால் மோட்டார் ஓட அனுமதி. கீழ்மட்டக் கம்பியை விட்டு இறங்கினால் நிறுத்தம். இரண்டே ஒயர் உள்ள பெட்டிகளில், நின்ற மோட்டார் மறுபடி ஓடுவதற்கு நேரத்தைக் கணக்கிடும் டைமர் இருக்கும்.

நகரத்து வீடுகளில் தரையில் தண்ணீர் கசிந்தால் ஒலியெழுப்பும் கருவிகள் வந்துள்ளன. அவற்றிலும் இதே தத்துவம்தான். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே ஒயர் அறுந்தால் கருவி ஊமையாகி, கசிவு தெரியாமல் போகும். நமது கிணற்றிலோ ஒயர் அறுந்தால் மோட்டார் நின்றுவிடும். தொல்லைதான் என்றாலும் மோட்டாருக்கு ஆபத்தில்லை. ஒயரின் மேலுறை கிழிந்து, ஈரம் புகுந்து இரண்டு கம்பிகளும் ஒன்றாவதே ஆபத்தான பழுது. அப்போது பெட்டி எப்போதும் ‘தண்ணீர் உண்டு’ என்றே நம்பும். மோட்டார் நன்றாக ஓடிக்கொண்டிருப்பதால் யாரும் சந்தேகிப்பதும் இல்லை.

எனவே புதிய சென்சார் வாங்கக் கடைக்குப் போகுமுன் பழுது எங்கே என்று அறிதல் வேண்டும். முதலில் நீர்மட்டம் உண்மையிலேயே கம்பிக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். கோடையில் இந்த ஒரு காரணத்தாலேயே பல நல்ல சென்சார்கள் கழற்றி எறியப்படுகின்றன. துண்டுக் கம்பியால் இணைத்தவுடன் மோட்டார் ஓடியது என்றால், பெட்டி நன்றாக உள்ளது, குறை ஒயரிலோ கம்பியிலோதான் என்பது தெளிவு. சோதனை என்ற அளவில் அது சரியே. அதை அப்படியே விட்டுவைப்பதுதான் தவறு.

அடுத்து மெயின் சுவிட்சை நிறுத்தி, பியூஸ் கேரியர்களையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சென்சார் ஒயர்களைப் பெட்டியிலிருந்து கழற்றுமுன், எது எந்தத் திருகுக்கு உரியது என்று வண்ண டேப் சுற்றி அடையாளமிடுங்கள். கம்பிகளை மேலே இழுத்து, ஒரு பிளாஸ்டிக் வாளியில் அதே கிணற்றுத் தண்ணீரை ஊற்றி அதில் நனையுங்கள். மழைத் தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு மிகக் குறைவு. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பொதுக் கம்பியின் ஒயரையும் மற்றக் கம்பிகளின் ஒயர்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். தண்ணீரில் இருக்கும்போது ஏதேனும் ஓர் அளவு காட்ட வேண்டும். எண் நிலையாக நில்லாமல் ஏறி இறங்கினால் கவலை வேண்டாம். கம்பிகளை வெளியே எடுத்துத் துடைத்தபின் எந்த அளவும் காட்டக் கூடாது. தண்ணீரிலும் காட்டவில்லை என்றால் ஒயர் அறுந்துள்ளது, அல்லது கம்பியில் உப்புப் படிந்துள்ளது. வெளியே எடுத்தபின்னும் காட்டினால் ஒயரின் மேலுறை கெட்டுவிட்டது. அந்த ஒயரை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்த வேண்டாம்.

உப்புப் படிவு மட்டுமே என்றால் உப்புத்தாள் கொண்டு பளபளப்பாகத் தேய்த்தால் போதும். உவர் கிணறுகளில் 3 மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நலம். ஒரே ஒரு கம்பி மட்டும் அரித்து ஊசிபோல மெலிந்திருந்தால் பெட்டியைச் சந்தேகியுங்கள். நல்ல பெட்டிகள் கம்பிகளுக்குக் குறைந்த வோல்ட் மாறுமின்சாரம் கொடுப்பவை. நேர்மின்சாரம் போனால் ஒரு முனை கரைந்துகொண்டே வரும். அத்தகைய பெட்டியில் புதுக் கம்பி போட்டாலும் நிலைக்காது. மெக்கானிக்கிடம் காட்டுவதே வழி.

மாற்றும்போது துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே வாங்க வேண்டும். ஆணியும் செப்புத் துண்டும் சில மாதமே தாங்கும். ஒயர் கம்பியுடன் சேரும் இடம்தான் முதலில் கெடும் இடம். அதை எபாக்சி பசையால் முழுவதும் மூடி, கம்பியின் நுனி மட்டும் வெளியே தெரியுமாறு விட வேண்டும். தண்ணீருக்குள் ஒயரில் இணைப்பே கூடாது. பெட்டி வரை ஒரே நீளமாக வாங்குங்கள். மோட்டார் கேபிளுடன் சேர்த்துக் கட்டினால் அதன் தூண்டுதலால் பெட்டி ஏமாறக்கூடும். ஆகவே ஒரு சாண் தள்ளியே கொண்டுவருதல் நன்று. துளையிட்ட பி.வி.சி. குழாய்க்குள் கம்பிகளை இறக்கி, நைலான் கயிற்றில் தொங்கவிட்டால் சிக்காது.

கீழ்மட்டக் கம்பி, பம்ப்பின் உறிஞ்சும் வாய்க்கு அல்லது புட்வால்வுக்கு 3 அடியேனும் மேலே இருக்கட்டும். மேல்மட்டக் கம்பியை அதற்கு மிக அருகில் வைத்தால் மோட்டார் அடிக்கடி நின்று நின்று ஓடும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வழக்கத்தைப் போலப் பல மடங்கு ஆம்பியர் இழுப்பதால் காயில் சூடேறும். ஊற்று மெதுவாகச் சுரக்கும் கிணறாயின் 6 முதல் 10 அடி இடைவெளி கொடுக்கலாம்.

பெட்டியில் இணைக்குமுன் மின்சாரம் கொடுத்து, சென்சார் திருகுகளை டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் அந்தப் பெட்டி ஆளைக் கொல்லக்கூடியது. அந்தக் கிணற்றில் யாரும் இறங்கக் கூடாது. எரியாவிட்டால் மறுபடி மின்சாரத்தை நிறுத்தி ஒயர்களை இணைத்து, மோட்டாரை ஓடவிட்டு, கரையில் நின்றபடியே உலர்ந்த நைலான் கயிற்றால் சென்சாரைத் தண்ணீருக்கு மேலே தூக்குங்கள். சில விநாடிகளில் மோட்டார் நின்றாக வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்றில் சென்சாரை மாற்ற, பல இடங்களில் மோட்டாரையே மேலே தூக்க வேண்டியிருக்கும். அங்கே ஆம்பியர் குறைவதைக் கொண்டு தண்ணீர் இல்லாததை அறியும் பெட்டியே உகந்தது. துளைக்குள் எந்த ஒயரும் போவதில்லை. ஆனால் தண்ணீர் முழுதாக வரும்போது மோட்டார் எடுக்கும் ஆம்பியரைப் பார்த்து அதற்கேற்ப அமைக்க வேண்டும். காயில் கட்டினாலும் பம்ப்பை மாற்றினாலும் அந்த அளவு மாறிவிடும். மறுபடியும் பார்த்து அமைத்து, பெட்டிக் கதவின் உட்புறம் தேதியுடன் எழுதி வையுங்கள்.