ஜீவனாம்சத் தொகை நிர்ணயிக்கப்படுவது எவ்வாறு?

ஒரு வருமானத்தில் நடந்த குடும்பம் விவாகரத்தினால் இரண்டாகப் பிரியும்போது, அவ்வருமானத்தைக் கொண்டே இரு வீடுகள் நடந்தாக வேண்டியுள்ளது. ஜீவனாம்சம் பற்றிய சட்டத்தின் அடிப்படைப் பிரச்சினை இதுவே.

1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 24ஆவது பிரிவு வழக்கு நடைபெறும் காலத்திற்கான இடைக்கால ஜீவனாம்சத்தையும், 25ஆவது பிரிவு நிரந்தர ஜீவனாம்சத்தையும் குறிப்பிடுகின்றன. கணவன், மனைவி இருவருமே இவற்றைக் கோரலாம். எல்லா மதத்தினருக்கும் பொதுவாக விளங்கியது 1973ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு. அதில் இருந்த மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பு 2001இல் நீக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு நடைமுறையில் உள்ளது.

உச்சவரம்பு இல்லாத நிலையில் தொகை எதைக் கொண்டு முடிவாகிறது? ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கான நெறிகளை வகுத்தது. இரு தரப்பினரும் தத்தம் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும். திருமண வாழ்வின் வாழ்க்கைத்தரம், வயது, கல்வி, குழந்தைகளின் தேவை, குடும்பத்திற்காக மனைவி கைவிட்ட வேலை ஆகியவையும் கணக்கில் கொள்ளப்படும். மனைவி பட்டதாரி என்பதோ, சிறிது சம்பாதிக்கிறார் என்பதோ மட்டுமே கோரிக்கையைத் தள்ளுபடி செய்யப் போதுமான காரணமாகாது.

பெங்களூர் மர்பி டவுனில் வசிக்கும் சம்பளக் குடும்பம் ஒன்றை உதாரணமாகக் கொள்ளலாம். கணவனின் மாதச் சம்பளம் 46,000 ரூபாய். வருங்கால வைப்பு நிதி முதலிய கட்டாயப் பிடித்தங்கள் 6,000 ரூபாய். நிகர வருமானம் 40,000 ரூபாய். தாமாக வாங்கிய கடனின் தவணையைக் காட்டி இதனைக் குறைத்துக் கொள்வதை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. நிகர வருமானத்தில் 25 சதவீதம் நியாயமான தொகை என 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கருதியது. அவ்வளவுகோலின்படி இங்கு தொகை மாதம் 10,000 ரூபாய் ஆகும். எனினும் இது வழிகாட்டியே தவிர, மாறா விதியன்று. சூழ்நிலைக்கேற்பக் கூடவும் குறையவும் இடமுண்டு.

மனு அளித்த நாள் முதலே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்பதும் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பின் முக்கிய அம்சமாகும். மேற்கண்ட குடும்பத்தில் உத்தரவு பிறக்க ஓராண்டு ஆனால், நிலுவை மட்டும் 1,20,000 ரூபாய் ஆகும். ஆகவே வழக்கை இழுத்தடிப்பதால் கணவனுக்குச் சேமிப்பு ஏதும் இல்லை. ஆனால் அவ்வோராண்டின் வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் மனைவி கடன் வாங்கியே செலுத்த நேரிடுகிறது. இடைக்கால மனுக்களை இயன்றவரை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று இந்து திருமணச் சட்டம் கூறுவதன் பொருளாதார நியாயம் இதில் அடங்கியுள்ளது.